மறியலா, மனுவா, கிராம சபையா: எங்க கொட்டாய் தண்ணிக்கு எந்த வழி

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க கொட்டாய் மாரியம்மன் கோயில் முன்னாடி கூட்டம். விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், தண்ணி. போன வாரமே ஒரு தடவ உக்காந்து பேசினோம், பேச்சு முத்திப்போய் பெரியப்பா துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு எழுந்து போய்ட்டாரு, அதனால இந்த தடவ கொஞ்சம் ரெடியா போலாம்னு இருக்கற வழி எல்லாத்தையும் எழுதிப் பாக்கறேன். எங்கள மாதிரி வேற கொட்டாய்க்காரங்களுக்கும் உதவுனா உதவட்டும்.

தருமபுரிக்கு வெளிய இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், கொட்டாய்னா சினிமா கொட்டாய் இல்ல. ஊர விட்டு தள்ளி அவங்கவங்க காட்டுலயே ரெண்டு வீடு மூணு வீடுனு கட்டி, பங்காளிங்க பிரிஞ்சு பிரிஞ்சு இப்ப அறுபது வீடு ஆயிடுச்சு, அதுக்கு பேரு கொட்டாய். பஞ்சாயத்துல கடைசி, பைப்லைன்லயும் கடைசி.

நான் பென்னாகரம் ரோட்டு மேல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன். ஆதார் நகல், சிட்டா, காலேஜ் பசங்க ரெக்கார்டு இது போக வருமானத்துல பாதி மனு டைப் பண்றதுல வருது. பன்னெண்டு வருஷமா மனு அடிச்சு அடிச்சு எந்த மனு எங்க போயி படுத்துக்கும்னு ஓரளவு தெரியும், அந்த தைரியத்துலதான் எழுதறேன், வக்கீல் கிக்கீல் கிடையாது.

எங்களுக்கு டேங்க் இருக்குது, பைப் இருக்குது, வீட்டு முன்னாடி குழாயும் இருக்குது. தண்ணிதான் பத்து நாளைக்கு ஒருக்கா, அதுவும் அரை மணி நேரம். மத்த நாள்ல போர் தண்ணி. எங்க பக்கத்து போர் தண்ணினா ஃப்ளோரைடுனு சின்ன பசங்களுக்கே தெரியும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல இருந்தா குடிக்க ஆகாதுங்கறது அளவு, அத தாண்டின தண்ணி குடிச்சு வளந்த பசங்க பல்லுல காவி பட்டை பட்டையா ஏறியிருக்கும், வயசானவங்களுக்கு முட்டி மடங்காது, பொண்ணு பாக்க வர்றவங்க சிரிப்ப பாத்தே எந்த பக்கத்து தண்ணினு கண்டுபிடிச்சிடுவாங்க. கொதிக்க வெச்சா சரியாயிடும்னு இன்னும் நிறைய பேர் நெனைக்கறாங்க, ஆகாதுங்க, தண்ணி சுண்ட சுண்ட ஃப்ளோரைடு இன்னும் கெட்டியாதான் ஆகும்.

இதுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்தது. 2008-ல அடிக்கல், 2013 மே மாசம் தொறந்தாங்க, ஜப்பான் கடனோட சேத்து 1,928.80 கோடி ரூபா, தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும். அந்த தண்ணி எங்க பஞ்சாயத்து பெரிய தொட்டி வரைக்கும் வந்துடுது, அதுல ஒரு கொறையும் இல்ல. அங்க இருந்து எங்க டேங்குக்கு வர்ற பைப்புலதான் வெவகாரம். பைப்பு புதுசா மாத்தியாச்சுனு பஞ்சாயத்துல ஒரு பேச்சு, யாரோ காட்டுக்கு லைன் இழுத்திருக்காங்கனு ஒரு பேச்சு, நடுவுல இருக்கற காலனில வால்வ அடைச்சிடறாங்கனு ஒரு பேச்சு. கடைசிப் பேச்சுதான் எங்க கொட்டாய்ல ரொம்ப ஓடும். எது நெஜம்னு கேட்டா யாருக்கும் தெரியாது. இந்த 'யாருக்கும் தெரியாது'ங்கறத ஞாபகம் வெச்சுக்கங்க.

எனக்கு ஆறவே ஆறாத ஒரு விஷயம் இருக்குது. 2024 பார்லிமென்ட் எலக்‌ஷன்ல தமிழ்நாட்டுலயே அதிகமா ஓட்டு விழுந்த தொகுதி எங்க தருமபுரி, 81.20 சதவீதம். மத்திய சென்னை 53.96. மாநிலம் மொத்தமும் சேத்தா 69.72. ஓசூர்ல கம்பெனி வேலை, பெங்களூர்ல கட்டட வேலைனு போனவங்க எல்லாம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து மை வெச்சுக்கிட்டு அன்னிக்கு ராத்திரியே திரும்பிப் போவாங்க. 2021-ல கோட்டூர் மலைக்கு ரோடு இல்லாம ஓட்டு மெஷின கழுதை மேல கட்டித்தான் கொண்டு போனாங்க, அப்படியும் ஓட்டு நடந்துது. ஜனங்க ஓட்டு போட வராததுதான் ஜனநாயகத்துக்கு ஆபத்துனு டிவில பேசறாங்களே, அது மெட்ராஸுக்கு சரி, எங்களுக்கு வந்திருக்கற நோய் வேற. ஓட்டு போட்ட மறுநாள்ல இருந்து அடுத்த எலக்‌ஷன் வரைக்கும் நாம என்ன பண்ணனும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தரல, நாங்களும் கத்துக்கல.

அதுவும் பஞ்சாயத்துல போய் கேக்கறதுக்கு ஆளே இல்லாமப் போச்சு. 2016 அக்டோபர்ல ஒரு பதவிக்காலம் முடிஞ்சுது, அடுத்த எலக்‌ஷன் நடந்தது 2019 டிசம்பர்ல, நடுவுல மூணு வருஷம் தலைவருக்கு பதிலா அரசாங்கம் போட்ட தனி அலுவலர். அதுல ஜெயிச்சவங்க காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சுது, திரும்பவும் தனி அலுவலர். அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த எலக்‌ஷன நடத்தி முடிச்சிடணும்னு அரசியல் சட்டம் 243-ஈ பிரிவுல இருக்குது, தள்ளிப்போடக்கூடாதுனு 2006-ல கிஷன் சிங் தோமர் வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியாச்சு, இருந்தும் கத இதுதான். ஒரு ஒன்றியத்துல இருக்கற அத்தன பஞ்சாயத்துக்கும் ஒரே பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) தான் தனி அலுவலர்னா அவரு எவ்ளோ நல்லவரா இருந்தாலும் எங்க வால்வு வரைக்கும் எப்படி வருவாரு? தலைவர்னு ஒருத்தர் இருந்தா அவங்க வாசல்ல குடத்தோட போயி நிக்கலாம், நாளைக்கு ஓட்டு கேக்க வரணுமேனு ஒரு பயமாவது இருக்கும். (எங்களுக்கு இருந்தது தலைவரம்மா, போர்டுல அம்மா பேரு, நாற்காலில அவங்க வீட்டுக்காரரு. அது வேற கதை.)

சரி, வழிக்கு வரேன்.

போன வாரக் கூட்டத்துல பசங்க எல்லாம் ஒரே குரல், மறியல். காலிக் குடத்தோட மெயின் ரோட்டுல உக்காந்தா ஒரு மணி நேரத்துல இன்ஸ்பெக்டர் வர்றாரு, தாசில்தார் வர்றாரு, மூணு மாசமா நகராத மனு மூணு மணி நேரத்துல நகருதுனு சொன்னாங்க. பொய் இல்ல. நாலு வருஷம் முன்னாடி நாங்களே உக்காந்தோம். அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு டிராக்டர் தண்ணி வந்துச்சு, மறுநாள் ஃபிட்டர் வந்தாரு, டேங்க் ரொம்பி வழிஞ்சுது. பதினேழு நாள். பதினெட்டாவது நாள் பழைய குருடி கதவ தொறடி.

ஏன்னா மறியல்ல கெடைக்கறது வாய் வார்த்தை. 'பேசி முடிச்சாச்சு எழுந்திருங்கம்மா'னு சொன்னவரு மாத்தலாகி போனா அந்த வார்த்தையும் அவரு கூடவே ஜீப்புல ஏறிப் போயிடும். அடுத்தது கேஸ். பேர் தெரிஞ்ச பத்து பேரப் போட்டு 'மற்றும் பலர்'னு முடிப்பாங்க, அந்த பத்துல ஒருத்தன் போலீஸ் செலக்‌ஷனுக்கு படிச்சுக்கிட்டு இருப்பான். எங்க கொட்டாய்ல மட்டும் விடியக்காலைல ஆறு பசங்க ஏரிக்கரை மேல ஓடறாங்க. வெரிஃபிகேஷன்ல கேஸ் இருக்குதுனு வந்து நின்னா அந்த வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? இன்னொன்னும் சொல்லிடறேன், அன்னிக்கு நாங்க மறிச்ச டவுன் பஸ்ஸுல டயாலிசிஸுக்கு போற ஒரு பெரியவரு இருந்தாரு. பைக்ல ஏத்தி அனுப்பினோம், ஒண்ணும் ஆகல, ஆனா அவரு இறங்கும்போது எங்கள பாத்த பார்வை எனக்கு இன்னும் உறுத்துது. மறியலே கூடாதுனு நான் சொல்லல. மொத வேலையா அது கூடாது.

மனுவுக்கு வருவோம், என் பொழப்பே அதுதான். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள், முதல்வர் உதவி மையம் 1100 நம்பர், அப்பப்ப நடக்கற முகாம். கிராமப்புறத்துக்கான மக்களுடன் முதல்வர் திட்டத்தையே 2024 ஜூலை 11-ல எங்க மாவட்டம் பாளையம்புதூர்லதான் தொடங்குனாங்க, அடுத்த வருஷம் உங்களுடன் ஸ்டாலின்னு முகாம் வந்துச்சு. பட்டா பேர் மாத்தறது, முதியோர் பென்சன், கரண்ட் சர்வீஸ் இந்த மாதிரி ஒரு ஆளோட விஷயம்னா முகாம் நல்ல வழி, என் கடைல மனு அடிச்சுக்கிட்டுப் போன பாட்டி ஒருத்தங்க ரெண்டு மாசத்துல பென்சன் ஆர்டரோட வந்து எனக்கு வேர்க்கடல குடுத்துட்டு போனாங்க. ஆனா தண்ணி ஒரு ஆளு விஷயம் இல்லையே. மனு எப்பவும் மேல இருந்து கீழ இறங்கும், கலெக்டர் கைல குடுத்தது துறைக்கு, துறைல இருந்து ஒன்றியத்துக்கு, அங்க இருந்து பஞ்சாயத்து கிளார்க் கைக்கு. அதாவது யாரு மேல கொறை சொன்னோமோ அவங்களே விசாரிச்சு எழுதற பதில் அதே படிக்கட்டுல திரும்ப மேல ஏறும். நான் ஒரு தடவ எங்க தண்ணிக்கு போட்ட மனுவுக்கு 'மேற்படி குக்கிராமத்திற்கு குடிநீர் சீராக வழங்கப்பட்டு வருகிறது'னு பதில் வந்துச்சு, அன்னிக்கு வீட்ல குடிக்க தண்ணி இல்லாம கேன் வாங்கினது நான். மனுவால ஒரு லாபம் உண்டு, ரசீது. நம்பரும் தேதியும் போட்ட ரசீது பின்னாடி எங்க போனாலும் கேப்பாங்க, தூக்கிப் போட்டுடாதீங்க.

எம்.எல்.ஏ.கிட்ட போலாம்னு மாமா சொன்னாரு. போலாம், தொகுதி நிதில புது போர் போட்டு மினி டேங்க் வெச்சுக் குடுப்பாரு, திறப்பு விழா நடக்கும், அதுலயும் ஃப்ளோரைடுதான் வரும்.

பெரியப்பா துண்ட உதறினது எங்கனா, ஓட்ட புறக்கணிக்கணும்னு அவரு சொல்ல நான் வேணாம்னு சொன்னப்பதான். அவரு கோவத்துல நியாயம் இருக்குது, நாப்பது வருஷமா ஒரு எலக்‌ஷன் விடாம போட்டவரு. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, எங்க கொட்டாய்ல மொத்த ஓட்டே எரநூறு தேறாது, அது விழலனா யாரு தூக்கம் கெடும்? புறக்கணிப்போம்னு போர்டு வெக்கறதுக்கு ஒரு மதிப்பு இருக்குது, தாசில்தார் பேச்சுவார்த்தைக்கு வருவாரு. நெஜமாவே போடாம இருந்துட்டா அந்த மதிப்பும் போச்சு. பரந்தூர் ஏர்போர்ட் வேணாம்னு ஏகனாபுரம் ஜனங்க எங்கள விட எத்தனையோ மடங்கு பெரிய காரணத்தோட 2024 தேர்தல புறக்கணிச்சாங்க, அரசு திட்டத்த கைவிடல. நோட்டாவும் அதே கததான், 2013 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லி வந்த பட்டன், ஆனா நோட்டாவுக்கு எத்தன ஓட்டு விழுந்தாலும் ஆளுங்கள்ல யாரு அதிகம் வாங்கினாங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க.

இதோட ஒட்டின ஒரு அசிங்கத்தையும் சொல்லணும். ஓட்டுக்கு பணம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு அப்புறம் இது ஃபார்முலானே பேர் வாங்கிடுச்சு, 2016-ல அரவக்குறிச்சி தஞ்சாவூர், 2017-ல ஆர்.கே.நகர், 2019-ல வேலூர்னு தேர்தலையே ரத்து பண்ற அளவுக்கு போச்சு. எங்க கொட்டாய்ல யாரும் வாங்கலனு சொன்னா மாரியாத்தா என் கண்ண குத்திடுவா. வாங்கினதால வர்ற நஷ்டம் அன்னிக்கு தெரியாது, ரெண்டு வருஷம் கழிச்சு குடத்தோட போயி நிக்கும்போது 'அதான் குடுத்தோமில்ல'னு வாயால சொல்லாம மூஞ்சிலயே காட்டுவாங்க பாருங்க, அப்பதான் தெரியும்.

கோர்ட்டுக்கு போலாமானு டீச்சரக்கா கேட்டாங்க. எங்க மாவட்டத்துல கோர்ட்டுனு சொன்னாலே வாச்சாத்தி ஞாபகம் வராம இருக்காது. 1992 ஜூன் 20, அரூர் பக்கத்துல அந்த மலையடிவார ஊருக்குள்ள சந்தனக்கட்ட தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆளுங்க பூந்து பண்ணின அக்கிரமம், 18 பொண்ணுங்களுக்கு பாலியல் கொடுமை, ஊரையே சூறையாடினாங்க. 2011 செப்டம்பர் 29-ல தருமபுரி கோர்ட் குத்தம் சாட்டின 269 பேரும் குத்தவாளினு சொன்னப்ப அதுல 54 பேர் செத்தே போயிருந்தாங்க. ஹைகோர்ட் அத உறுதி பண்ணினது 2023 செப்டம்பர் 29. முப்பத்தோரு வருஷம். ஜெயிச்சாங்க, அத நெனச்சா நெஞ்சு நிமிருது, ஆனா அவங்களுக்கு பின்னாடி மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சித் தோழர்களும் கடைசி வரைக்கும் விடாம நின்னாங்க, அந்த பொண்ணுங்களும் பின்வாங்காம வந்து சாட்சி சொன்னாங்க. பைப்பு விஷயத்துக்கு ஹைகோர்ட் போறதுனா மெட்ராஸ், வக்கீல் ஃபீஸ், வாய்தா. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல பெண்களுக்கும் எஸ்.சி. எஸ்.டி. மக்களுக்கும் இலவசமா வக்கீல் வெச்சுக் குடுக்கறாங்க, அத மட்டும் டீச்சரக்கா விசாரிச்சு வெக்கட்டும். ஆனா அங்க போனாலும் மொத கேள்வி கைல என்ன பேப்பர் இருக்குதுனுதான் வரும்.

அந்த பேப்பருக்கு வழி ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமை. 2005-ல வந்த சட்டம், பத்து ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி தபால்ல போட்டா முப்பது நாள்ல பதில் குடுக்கணும், குடுக்கலனா மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம், வேணும்னே இழுத்தடிச்ச அலுவலருக்கு நாளைக்கு 250 ரூபா வீதம் 25,000 வரைக்கும் அபராதம் போட சட்டத்துல எடம் இருக்குது. என் கடைக்கு வர்றவங்க பத்துல எட்டு பேர் செய்யற தப்பு என்னனா, 'எங்கள் ஊருக்கு ஏன் தண்ணீர் வரவில்லை'னு கேப்பாங்க. ஏன் எதுக்குனு கேட்டா அது தகவல் இல்லனு ஒரு வரில திருப்பி அனுப்பிடுவாங்க. கேக்க வேண்டியது நகல். இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும் இந்த குக்கிராமத்துக்கு பைப்லைன் வேலை எத்தன, ஒவ்வொண்ணுக்கும் எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு நகல், எம்.புக் நகல், பில் போட்ட தொகை. எம்.புக்னா வேலை எத்தன மீட்டர் நடந்துதுனு இன்ஜினியர் அளந்து எழுதற புத்தகம், நம்ம ஊரு ரகசியம் பாதி அதுக்குள்ளதான் தூங்குது. ஆளுங்க பேர் விவரத்த கேக்காதீங்க, 2023-ல கொண்டுவந்த தனிநபர் தரவு சட்டம் ஆர்.டி.ஐ.ல தனிப்பட்ட தகவல் பத்தின பிரிவையே இறுக்கிடுச்சு, அத காட்டி மறுக்க வசதியா போயிடும். வேலையையும் காசையும் மட்டும் கேளுங்க.

இதுலயும் சிக்கல் இருக்குது. யாரு போட்டதுனு மூணாவது நாளே ஊருக்குள்ள தெரிஞ்சிடும், அப்புறம் மனுக்காரன்னு பேரு வெச்சிடுவாங்க, டீக்கடைல பேச்சு நின்னுடும். என் சம்சாரம் பயந்துக்கிட்டேதான் ஸ்டாம்ப் ஒட்டினா. ஆமா, ஒட்டியாச்சு. யாருக்கும் சொல்லாம நான் ஒரு மனு போட்டு அம்பது நாள் ஆச்சு, பதில் போன புதன்கிழமைதான் வந்துது, இந்த கட்டுரையே அதனாலதான்.

பதினாலு பக்கம். எஸ்டிமேட்ல வேலையோட பேர் பெரிய தொட்டில இருந்து எங்க கொட்டாய் டேங்க் வரைக்கும்னு இருக்குது. எம்.புக்ல அளந்திருக்கறது காலனிக்கு முன்னாடி இருக்கற புளியமரம் வரைக்கும். பில்லும் அது வரைக்கும்தான். அதாவது புது பைப் புளியமரத்தோட நின்னுடுச்சு, அங்க இருந்து காலனிக்கும் எங்களுக்கும் சேத்து அந்த பழைய ரெண்டு இஞ்ச் பைப்தான் இன்னும் ஓடுது. நான் நோட்ட எடுத்துக்கிட்டு நேரா போயி பாத்தேன், காலனி டேங்க்கும் காஞ்சுதான் கெடக்குது. அவங்க வால்வ அடைக்கல. அடைக்கறதுக்கு அதுல தண்ணி வந்தாதானே. இத்தன வருஷமா நாங்க பேசின பேச்ச நெனச்சா எனக்கே வெக்கமா இருக்குது, நானும் பேசியிருக்கேன்.

இந்த பதினாலு பக்கத்த வெச்சுக்கிட்டு எங்க போறதுனு பாத்தா எனக்கு கிராம சபைதான் தோணுது. வருஷத்துக்கு நாலுனு இருந்தத 2022-ல இருந்து ஆறு ஆக்கியிருக்காங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்க பஞ்சாயத்துல ஜனத்தொகை மூவாயிரத்துக்கு மேல, அப்ப எரநூறு பேர் வந்து உக்காந்தாதான் கூட்டம் செல்லும். நடக்கறது என்ன, அறுபது எழுபது பேர் வருவாங்க, மீதி கையெழுத்து வேலை நடக்கற எடத்துக்கே நோட்டு போயி வாங்கிக்கிட்டு வந்துடும். போன தடவ எங்க கொட்டாய்ல இருந்து நாலு பேர் போனோம், கடைசி வரிசை, நான் எழுந்து தண்ணினு ஆரம்பிக்கறதுக்குள்ள 'பதிவு பண்ணிக்கறோம் உக்காருங்க' ஆயிடுச்சு, பின்னாடி தீர்மான நோட்டுல பாத்தா எங்க பேச்சே இல்ல. கூட்டம்னு சொல்றதே பாதி பேருக்கு காதுல விழறதில்ல. தண்டோரா போடறத 2022-ல தடை பண்ணிட்டாங்க, ரொம்ப நல்லது, ஒரு சாதி ஆளுங்க தலையில கட்டி வெச்ச வேலை அது. ஆனா அதுக்கு பதிலா வந்த வாட்ஸ்அப் குரூப்புல எங்க சித்தியும் இல்ல, காலனி பாட்டியும் இல்ல, குட்மார்னிங் மட்டும் இருக்குது.

இவ்ளோ கொறை சொல்லிட்டு ஏன் அதையே புடிச்சுக்கறேன்னா, மத்த எல்லா வழிலயும் நாம கேக்கறவங்க, அவங்க குடுக்கறவங்க. கிராம சபைல மட்டும்தான் சட்டப்படி நாமளே சபை. அரிட்டாபட்டில டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு 2024 நவம்பர் 23-ல மேலூர் பக்கத்து கிராம சபைங்கள்ல தீர்மானம் போட்டாங்க, அடுத்து சட்டசபைல தீர்மானம், ஜனவரில மதுரைக்கு பேரணி, 2025 ஜனவரி 23-ல மத்திய அரசு ஏலத்தையே ரத்து பண்ணிச்சு. தீர்மானம் மட்டும் அத செய்யலனு எனக்கும் தெரியும், ஜனங்க தெருவுல இறங்கினதும் சேந்துதான் செஞ்சுது, ஏகனாபுரத்துல எத்தனையோ தீர்மானம் போட்டும் நடக்கலயே. ஆனா ஒரு எஸ்டிமேட்ட முடிக்காம விட்ட வேலைக்கு அவ்ளோ தூரம் போக வேண்டியிருக்காதுனு நெனைக்கறேன். ராஜஸ்தான்ல 1994 வாக்குல மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் ஒண்ணு பண்ணாங்க, ஊர் நடுவுல ஜனங்கள கூட்டி உக்கார வெச்சு அரசாங்க கணக்க, மஸ்டர் ரோல (கூலிக்கு வந்த ஆளுங்க பேர் எழுதற பதிவேடு), பில்ல அப்படியே சத்தமா வாசிச்சாங்க. கட்டாத கட்டடத்துக்கு பில்லு, செத்தவங்களுக்கு கூலி எல்லாம் அங்கதான் வெளிய வந்துது, ஆர்.டி.ஐ. சட்டத்துக்கு வேரே அதுதான். எங்க கிட்டயும் வாசிக்க பதினாலு பக்கம் இருக்குது. எம்.புக்ல புளியமரம்னு இருக்கற பக்கத்த டீச்சரக்கா மைக்ல வாசிச்சா போதும், அந்த புளியமரம் எல்லாருக்கும் தெரியும்.

எலக்‌ஷன் வந்தா நம்மள்லயே ஒருத்தர வார்டுக்கு நிறுத்தலாம்னு பசங்க சொல்றதும் எனக்கு பிடிச்சிருக்குது. கிராம பஞ்சாயத்துல கட்சி சின்னம் கிடையாது, டெபாசிட்டும் எரநூறு ரூபாதான் இருந்துது. ஆனா செக்குல கையெழுத்து தலைவருக்கும் துணைத்தலைவருக்கும்தான், வார்டு மெம்பர் கேள்வி கேக்கலாம் அவ்ளோதான், அதுவும் எலக்‌ஷன் நடக்கணும். அது வரைக்கும் தண்ணி குடிக்காம இருக்க முடியாது.

அதனால என் வரிசை இது. இன்னும் நாலு ஆர்.டி.ஐ., நாலு வேற வேற பேர்ல, ஒரே ஆளு மனுக்காரன் ஆகாம இருக்க. அடுத்த கிராம சபைக்கு எரநூறு தலை, அதுல நூறு பேராவது பொம்பளைங்க, ஏன்னா குடம் தூக்கறது அவங்க, 'உக்காருங்க'னு ஒரு சித்திய சொல்லி உக்கார வெக்க யாராலும் முடியாது. தீர்மானத்த நோட்டுல எழுதினத வாசிக்க சொல்லி கேட்டுட்டு, அந்த பக்கத்த போன்ல போட்டோ எடுத்துட்டுதான் எழுந்திருக்கணும். அப்புறம்தான் திங்கக்கிழமை மனு, தீர்மான நகலும் எம்.புக் நகலும் பின் பண்ணி, அப்ப அந்த மனு கீழ இறங்கி வந்தாலும் 'சீராக வழங்கப்பட்டு வருகிறது'னு எழுத கை வராது. ஒரு மாசத்துல புளியமரத்துக்கு இந்தப் பக்கம் மண்ணு தோண்டலனா பசங்க சொல்றபடி குடத்த எடுப்போம், டவுன் பஸ்ஸ விட்டுட்டு.

எரநூறு தலைனு எழுதிட்டேன், அங்கதான் இடிக்குது. எங்க அறுபது வீட்டுல வேலைக்கு போனவங்க போக நூறு பேர் தேறினா பெருசு. காலனில அம்பது வீடு. ஒரே பழைய பைப், ஒரே காஞ்ச டேங்க், ஆனா ரெண்டு பேரும் சேந்து இது வரைக்கும் ஒரு மனுல கையெழுத்து போட்டதில்ல. ஏன்னு எல்லாருக்கும் தெரியும். காலனிங்கற சொல்ல அரசாங்க பதிவுல இருந்து எடுக்கறோம்னு 2025-ல சட்டசபைல அறிவிச்சாங்க, எங்க வாய்ல இருந்து இன்னும் போகல, இந்த கட்டுரைலயே எத்தன தடவ எழுதியிருக்கேன் பாருங்க.

நேத்து பதினாலு பக்கத்தையும் இன்னொரு செட் ஜெராக்ஸ் போட்டு எடுத்துக்கிட்டு அங்க போனேன். சத்துணவு சமைக்கற அக்கா ஒருத்தங்க திண்ணைல உக்காந்து ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாத்தாங்க, எங்க பேச்சு எல்லாம் அவங்க காதுக்கும் வந்துதான் இருக்குது போல, 'வால்வ நாங்க அடைக்கலன்னு இதுல எங்க தம்பி எழுதியிருக்குது'னு கேட்டாங்க. புளியமரம்னு இருந்த வரிய காட்டினேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்கக்கானு கூப்பிட்டேன். எங்க வெச்சிருக்கீங்கனு கேட்டாங்க.

மாரியம்மன் கோயில் முன்னாடினு சொல்ல வாய் வரல.

ஸ்கூல் முன்னாடினு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே பெரியப்பாகிட்ட சொல்லணும், இன்னிக்கு ராத்திரி அவரு களி சாப்ட்டு முடிச்சு வாசல்ல உக்காரும்போது.